அமெரிக்க மரவள்ளி

அப்பன், இதை வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு வாசிக்காதே. எங்கேயாவது இருந்து வாசி. கதிரை இல்லாவிட்டால் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இரு. சாப்பிட்டியோ, அங்கே குளிரோ, காதை மூடிக்கொண்டு போனியோ என்று உன் அம்மா வழக்கமாக அனுப்பும் செய்தி அல்ல இது. இடையிடையே பகிடி வரும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, வாய்க்குப் பதினாறு, அதை நான் என்ன செய்ய? ஆனால் இது பகிடிக் கடிதமும் அல்ல. உனக்கு அனுப்புவதற்கு முன் இதை நம்முடைய மாதர் சங்கத்தில் எல்லோருக்கும் முன்னால் வாசிக்கப்போகிறேன். உனக்கு எழுதியதை ஊருக்கு ஏன் வாசிக்கிறேன் என்பது வாசித்துக்கொண்டு வர விளங்கும். விளங்கிய பிறகு கோபம் வந்தால் வாளியை உதை. அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பதை மட்டும் நிறுத்திவிடாதே.

போன செவ்வாய்க்கிழமை உன் கலியாணக் கார்ட் அடிக்கக் கொடுப்பதற்காகத் தர்மபுரத்திலிருந்து பஸ் பிடித்துக் கிளிநொச்சிக்குப் போனேன். ஜெயபுரத்துச் சம்மந்தி பெண்வீட்டு விபரம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருந்தார். அச்சகக்காரர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"பொம்பிளையின்ர பேருக்குக் கீழ ஆசிரியை எண்டு கிடக்கு. மாப்பிள்ளைக்குக் கீழ என்ன போடுறது?"

"அமெரிக்கா எண்டு போடுங்கோ."

"அது நாடு, தங்கச்சி. நான் தொழிலைக் கேக்கிறன்."

"விவசாயம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இஞ்சயிருந்து அவ்வளவு தூரம் போய் விவசாயமோ? எடுப்பா இராது. தாவரவியல் நிபுணர் எண்டு போடுவம். வடிவா இருக்கும்."

செடிக்குத் தண்ணீர் விடுகிறவன் நிபுணர் என்றால் முப்பது போகம் நெல் விதைத்த நான் யார் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். உன் பெயருக்குக் கீழே ஒரு சொல். அந்தச் சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. நாளைக்கு வாறன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நீ ஒளிக்கவில்லை. அதை முதலில் எழுதிவிட வேண்டும். பத்தொன்பது வயதில் போனவன், குடியுரிமைக் கடதாசி கையில் வரும்வரை பெற்றோல் செட்டிலேயே நின்றாய். அது வந்த பிறகுதான் இந்த வேலைக்குப் போனாய், போன அன்று காலையிலேயே எனக்கு எடுத்துச் சொன்னாய். கடதாசி ஆலை மூடிப் பாதிக் கடைகளுக்குப் பலகை அடித்துக் கிடந்த ஊர் என்றாய். அந்த மாநிலம் கஞ்சாவைச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததும் அதே ஆலைக் கட்டடத்துக்குள் விளக்குப் போட்டுச் செடி வளர்க்கத் தொடங்கினார்கள், வேலை இல்லாமல் இருந்த பழைய தொழிலாளிகளே சாப்பாட்டுப் பெட்டியோடு திரும்பி வந்தார்கள், சாப்பாட்டுக் கடை வந்தது, வண்டி திருத்தும் இடம் வந்தது, கிடைத்த வரியில் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை போட்டார்கள் என்றெல்லாம் சொன்னாய். "ஒவ்வொரு செடிக்கும் நம்பர் அட்டை கட்டியிருக்கு அம்மா, எங்கட மாட்டுக்குக் காதில அடிக்கிற மாதிரி. ஒண்டு குறைஞ்சாலும் அரசாங்கத்துக்குப் பதில் சொல்லோணும்" என்றாய். கடைக்குள் நுழைய அடையாள அட்டை காட்ட வேண்டுமாம். மூட்டு வலிக்கு எண்ணெய் வாங்க வரும் கிழவிகள், நம் ஆசுப்பத்திரிக் கிளினிக்கில் நம்பர்த் துண்டு எடுத்துக்கொண்டு இருப்பதைப் போல வரிசையில் இருக்கிறார்களாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் தேவாரம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். எனக்கு அது போதும். நான் பகிடி விடுவேன், நீ சிரிப்பாய், அதோடு நான் கேட்கவேண்டிய கேள்வி எங்கேயோ போய்விடும்.

நீ அனுப்பிய முதல் படம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. இடுப்பளவு செடிகளுக்கு நடுவில் வெள்ளைச் சட்டையோடு நீ நிற்கிறாய். அந்தப் படத்தைச் சங்கக் கூட்டத்தன்று பொதுநோக்கு மண்டபத்தில் எல்லோருக்கும் காட்டினேன். பெற்றவளால் காட்டாமல் இருக்க முடியுமா? பக்கத்து வளவுப் பவளம் அக்கா தொலைபேசியைப் பிடுங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

"உதென்னடி, தம்பி மரவள்ளித் தோட்டத்துக்குள்ள நிக்கிறான்?"

நான் வாயே திறக்கவில்லை, பொய் தானாக வந்து மடியில் விழுந்தது. கையைப் போல விரிந்த இலை, மெலிந்த தண்டு. பார்த்தால் மரவள்ளிதான்.

"ஓமக்கா. அமெரிக்க மரவள்ளி. குட்டை இனம். கிழங்கு வைக்காது, இலையைத்தான் மருந்துக்கு எடுக்கிறவங்கள்."

"கிழங்கில்லாத மரவள்ளியோ! அப்ப தம்பி வரேக்க எனக்கும் ரெண்டு தடி வெட்டிக்கொண்டு வரச் சொல்லு. வேலிக்கரையில ஊண்டிப் பாப்பம்."

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசம் சொல்லி முடியாது. வீட்டுக்கு வந்தும் சிரித்தேன். பிறகு அந்தப் பொய்க்கு நான் பசளை போட்டு வளர்த்தேன். அமெரிக்க மரவள்ளிக்கு மழை ஆகாது, வீட்டுக்குள்தான் வளரும், விளக்கு வெளிச்சம் வேண்டும் என்று நீ சொன்ன உண்மைகளையே எடுத்துச் சொன்னேன். விவசாயப் போதனாசிரியர்கூட ஒருநாள் வழியில் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு, அது என்ன இனம் அம்மா என்று கேட்டார். நீ ஒருமுறை, "அம்மா, நான் ஒளிக்கேல்லை, நீங்கள்தான் ஒளிக்கிறியள்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. அதற்கும் ஒரு பகிடி விட்டேன்.

அந்த மண்டபத்துச் சுவரில் அப்போது ஒரு படம் ஒட்டியிருந்தது. பொலிசார் கொடுத்த போதைப்பொருள் விழிப்புணர்வுப் படம். பெரிய கஞ்சா இலை, அதன்மேல் சிவப்புக் கோடு. பசை காய்ச்சி அதை ஒட்டியவள் சங்கத் தலைவியாகிய உன் அம்மாதான். அதன்கீழே நின்றுகொண்டுதான் மரவள்ளி என்று உன் படத்தைக் காட்டினேன். கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும் கஞ்சாப் பொதிகள் நம் ஊர் வழியாகப் போகத் தொடங்கியிருந்த காலம். படிக்கிற பிள்ளைகள் சிலர் அதில் விழுந்தார்கள். தாயின் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லி அடித்தவனை நானே போய்ப் பிடித்துக் கொடுத்தேன். அதற்கு நான் வெட்கப்படவில்லை. கஞ்சா நல்லது என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது நான் லெட்சுமிக்குச் செய்தது.

லெட்சுமியை உனக்கு நினைவு இருக்கும், ஆனால் எவ்வளவு இருக்கும் என்று தெரியவில்லை. வாய்க்கால் கரையில் குடியிருக்கும் லெட்சுமி. தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களின் மகள். யுத்தம் முடிந்து நம்மை அடைத்துவைத்த முகாமில் பக்கத்துக் கூடாரம் அவளுடையது. உனக்குப் பதின்மூன்று வயது. வயிற்றோட்டம் வந்து நீ துவண்டு கிடந்தாய். எனக்குக் காலில் காயம், நடக்க முடியாது. அவள் தன் கைப்பிள்ளை சதீசை என் மடியில் போட்டுவிட்டு, தன்னுடைய தோள் உயரம் இருந்த உன்னை முதுகில் சுமந்துகொண்டு வைத்தியர் கூடாரத்து வரிசையில் நின்றாள். வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று நீயும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. இங்கே திரும்பி வந்த பிறகும் என் வயலில் அவள் களை பிடுங்குவாள், அவளுடைய தோட்டத்தில் நான் வெங்காயம் கிண்டுவேன். அப்படிப் பழகிய வீடு. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் வீட்டில் நான் தேத்தண்ணீர் குடிப்பேன், சோறு சாப்பிட்டதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை.

போன வருடம் சித்திரையில் சதீசைப் பிடித்தார்கள். நெல் வெட்டும் மெசினோடு கூலிக்குப் போய்வந்துகொண்டிருந்தவன், வேலை இல்லாத மாதத்தில் யாரோ சொல்லி, கடற்கரையிலிருந்து ஒரு பையை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தான். உள்ளே என்ன என்று தெரிந்துதான் கொண்டுவந்தான். அவன் சும்மா அகப்பட்டவன் என்று நான் கதை கட்டவில்லை. விளக்கமறியலில் போட்டார்கள். பிணை கேட்கும்போது ஊர்ச் சங்கம் ஒன்றின் நன்னடத்தைக் கடிதம் இருந்தால் உதவும் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து, மாதக் கூட்டத்தில் எல்லோரும் இருக்கும்போது என் முன்னால் வைத்தாள் லெட்சுமி.

அதற்கு முந்திய நாள் காலையில்தான் நீ எனக்கு ஒரு கதை சொல்லியிருந்தாய். உனக்குத் தொழில் பழக்கிய வயதான மனிதர், இதே செடிக்காகக் கன வருடம் மறியலில் இருந்தவர், சட்டம் மாறியதும் அவருடைய பழைய வழக்கை அழித்துவிட்டார்கள், இப்போது செடிக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்று மற்றவர்கள் அவரைத்தான் கேட்கிறார்கள் என்று. "எவ்வளவு நல்ல ஆக்கள்" என்று நான் உருகினேன். நினைவிருக்கிறதா? அடுத்த நாள், லெட்சுமியின் கடிதம் மேசையில் கிடக்கிறது, முப்பது பெண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அக்கா, ஒரு கையெழுத்துதான். அவன் சின்ன வயசிலருந்து ஒங்க கண்ணு முன்னாடி வளந்தவன்."

நான் கடிதத்தை எடுத்து வாசித்தேன். வாசித்துவிட்டுச் சபையைப் பார்த்துச் சொன்னேன்: "உவன் நல்ல பெடியன் எண்டு நான் கையெழுத்து வைக்கோணுமெண்டா, முதல்ல உவன் கொண்டுவந்த பையில இருந்து நாலு இழுவை இழுக்கோணும். தெளிஞ்ச தலையோட எனக்கு உது வராது."

மண்டபம் அதிரச் சிரித்தார்கள். பவளம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு ஓயும் முன் நான் இன்னொன்றும் சொன்னேன்: "உங்கட ஆக்களுக்கு ஒருக்கால் வச்சால் பிறகு கியூவில வருவியள்." அதற்கும் சிரித்தார்கள், கொஞ்சம் குறைவாக. லெட்சுமி கடிதத்தை எடுத்து, மடிப்பு விழாமல் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

நான் பதினாறு வயதில் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். ரியூசன் கொட்டில் வாசலில் "நாய் கவனம்" என்று இருந்த பலகையில், "மாஸ்டர் அதைவிடக் கவனம்" என்று கரியால் எழுதியவள். ஊரே சிரித்தது. நானும் பெருமையாக உனக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். சொல்லாத பாதி ஒன்று உண்டு. மாஸ்டர் அந்தப் பலகையைக் கழற்றவில்லை. பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே அடிக்கடி வாசலைப் பார்ப்பார். அடுத்த மாதம் கொட்டிலை மூடிவிட்டு வவுனியாவுக்குப் போய்விட்டார். கூட்டம் சிரிக்கும்போது நான் கூட்டத்தின் முகத்தைத்தான் பார்ப்பேன். யாரைச் சொன்னேனோ அவருடைய முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. லெட்சுமியின் முகத்தையும் அன்றைக்குப் பார்க்கவில்லை.

அந்தமுறை பிணை கிடைக்கவில்லை. என் கையெழுத்து இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிடைத்திருக்காது என்றும் சொல்ல முடியாது. ஆடி மாதம் லெட்சுமியின் புருசன், சிறுநீரகம் பழுதாகி நாலு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த மனிதர், இறந்துபோனார். கிரியைக்காகச் சதீசை மறியலிலிருந்து கொண்டுவந்தார்கள். ஒரு கையில் விலங்கு, அதன் மறுமுனை காவலரின் கையில். ஐயர் உரலைக் காட்டி, உடலுக்குச் சாத்தும் சுண்ணத்தை இடிக்கச் சொன்னார். உலக்கையைச் சதீஸ் தூக்க, காவலரின் கையும் மேலே போனது. அவன் இடிக்க, அதுவும் கீழே வந்தது. அந்தக் காவலர் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் இருக்கும் பதினாறு வயதுக்காரி அதற்கும் ஒரு பகிடி செய்தாள், அப்பன். அதை எழுதமாட்டேன். அது வந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். பாடையைத் தூக்கும் முன்பே நான் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐப்பசியில் ஒருவழியாகச் சதீசுக்குப் பிணை கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகும் லெட்சுமி என் வயலுக்கு வரவில்லை. நானும் வாய்க்கால் கரை வழியை விட்டுவிட்டுச் சுற்றி நடந்தேன். உன்னிடம் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. லெட்சுமி மாமி எப்படி என்று நீ கேட்டாய். சுகமாக இருக்கிறா என்றேன்.

இனிச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அச்சகத்திலிருந்து வெளியே வந்து பஸ் ஏறினால் ஒரே ஒரு இருக்கைதான் இருந்தது. யன்னல் பக்கத்தில் லெட்சுமி, மடியில் வழக்குக் கோப்பு. அவள் என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்தாள். அவ்வளவுதான். இருக்கச் சொல்லவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. பரந்தன் சந்தி, வயல் காற்று, தர்மபுரம். முப்பது பேரைச் சிரிக்க வைக்கிற எனக்கு ஒருத்தியிடம் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை. அவள் இறங்கினாள். நானும் இறங்கி அவளுக்குப் பின்னால் நடந்தேன். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க் குசினிக்குள் அடுப்பு மூட்டினாள். நான் வாசலில் நின்றுகொண்டு சொன்னேன்.

"லெட்சுமி, என்ர பெடியன் அங்க செய்யிறது மரவள்ளி இல்லை."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீங்க படத்தைக் காட்டின அன்னைக்கே தெரியும். மரவள்ளிக்குக் காம்பு செவப்பா இருக்கும். அதுல பச்ச. எல ஓரம் வாள் பல்லு மாதிரி வெட்டிருந்திச்சு. ஒங்க தலைக்கு மேலயே படம் ஒட்டிருந்துச்சே, நீங்க ஒட்டினதுதானே. அதையும் பாத்தேன், இதையும் பாத்தேன்."

"அப்ப அண்டைக்குக் கூட்டத்தில ஏன் சொல்லேல்லை? நான் அப்பிடிச் சொல்லேக்க நீயும் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

அவள் அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். "சொன்னா? எல்லாரும் ஒங்களப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க. எம் மகன் வெளிய வந்திருப்பானா?"

நான் அழத் தொடங்கினேன். மன்னிச்சுக்கொள் என்றேன். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையைத் தரவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை, களை எந்தப் பக்கத்திலிருந்து பிடுங்குவது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"இங்க அழாதீங்கக்கா. இந்தக் குசினிக்குள்ள சொன்னா ஒங்களுக்கு லேசாப் போயிரும். எனக்கு ஒண்ணும் ஆவாது. எங்க வச்சுச் சிரிச்சீங்களோ அங்க வச்சுச் சொல்லுங்க. அடுத்த மாசம் தீர்ப்பு. இப்ப வைக்கிற கையெழுத்தும் ஒதவும்னு லாயர் சொல்றார். வைக்கிறதா இருந்தா, ஏன் வைக்கிறீங்கன்னு எல்லாருக்கும் சொல்லிட்டு வைங்க."

அதுதான், அப்பன். அதனால்தான் உனக்கு எழுதும் கடிதத்தை ஊருக்கு வாசிக்கிறேன். வாசித்த அன்றே கதை ஜெயபுரத்துக்குப் போய்விடும். சம்மந்தி கோயில் பரிபாலன சபையில் இருக்கிற மனிதர், வெற்றிலைகூடப் போடாதவர். கலியாணம் குழம்பலாம். குழம்பினால் அது உன் தொழிலால் அல்ல, நான் நட்ட மரவள்ளியால். இரண்டு வருடத்துக்கு முன் உள்ளதைச் சொல்லியிருந்தால், அவர் அதைத் தெரிந்துகொண்டே சம்மதித்திருப்பார், அல்லது வேறு மாப்பிள்ளை பார்த்திருப்பார். இரண்டும் நேரான வழி. நான் உனக்கு அந்த இரண்டையும் இல்லாமல் செய்துவிட்டேன். நானே போய் அவருக்குச் சொல்லலாம்தான். ஆனால் அவருடைய முற்றத்தில் போய் இருந்தால் என் வாய் இன்னொரு பயிரை நடத் தொடங்கிவிடும் என்று பயமாக இருக்கிறது. நீ சொல். அந்தக் கடதாசி ஆலை, கூரை, கிழவிகளின் வரிசை எல்லாவற்றையும் எனக்குச் சொன்ன மாதிரியே சொல். வடிவாக்காதே. விலை விழுவதையும் சேர்த்துச் சொல்.

விலைக் கதை எடுத்ததால் ஒன்று. பக்கத்து ஊரிலும் அடுத்த மாநிலத்திலும் எல்லோரும் வளர்க்கிறார்கள், விலை விழுகிறது, ஒரு தோட்டத்தை மூடிவிட்டார்கள், ஆனாலும் உன் பொறுப்பில் மூன்றாவது கடை திறக்கப்போகிறீர்கள் என்று போன கிழமை சொன்னாய். எனக்கு அமெரிக்கா தெரியாது. வத்தகப்பழம் தெரியும். ஒரு வருடம் ஒருவர் போட்டு நல்ல விலை எடுத்தார் என்று அடுத்த வருடம் ஊர் முழுவதும் வத்தகப்பழம் போட்டோம். றோட்டுக்கரையில் குவித்துவைத்துவிட்டு வருகிற போகிற வாகனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மாடு தின்றது, பிறகு மாடும் வேண்டாம் என்றது. வளர்கிற தொழில் வளர்ந்துகொண்டே இருக்கும் என்று நம்பி நிற்காதே. உன்னோடு சாப்பாட்டுப் பெட்டியோடு வருகிறவர்களில் யார் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவார் என்று யோசித்துவிட்டு மூன்றாவது கடையைத் திற. அந்த வயதான மனிதருடைய கையை ஒருநாள் பிடித்து, எத்தனை வருடம் உள்ளே இருந்தீர்கள், வீட்டில் யார் யாரை இழந்தீர்கள் என்று கேள். நீ நிற்கிற இடத்தில் அவர் முன்பு நின்றார், அப்போது அதற்குப் பெயர் குற்றம். இங்கேயும் வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு வேலி அடித்து ஏற்றுமதிக்கு வளர்க்க இடம் கொடுக்கப்போகிறார்கள் என்று கதை அடிபடுகிறது. ஒருநாள் வரலாம். அந்த வேலிக்குள் கோட்டுப் போட்டவர்கள் போவார்கள். சதீஸ் வெளியே நிற்பான், வழக்கோடு.

இதுவரை எழுதியதை நேற்று, ஞாயிற்றுக்கிழமை, வாசித்துவிட்டேன். மிச்சத்தை இன்றைக்கு எழுதுகிறேன்.

முதல் பக்கத்துக்குச் சிரித்தார்கள். நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன் போல. சுவரொட்டி இடம் வந்ததும் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஓரம் உரிந்து. பவளம் அக்கா எழும்பி, "அப்ப எனக்குத் தடி வராதோ?" என்றாள். மண்டபம் மறுபடி சிரிக்கப் பார்த்தது. நான் தாளிலிருந்து கண்ணை எடுத்து, இந்தமுறை லெட்சுமியைத்தான் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பவளம் அக்கா மெதுவாக இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு சுண்ணம் இடித்த இடம் முடியும்வரை ஒருவரும் இருமக்கூட இல்லை. முடிந்ததும் ஒருத்தி, தலைவி பதவியை விடவேண்டும் என்றாள். விட்டுவிட்டேன். விடும் முன் கடைசி வேலையாகக் கையெழுத்து வைக்கட்டும் என்றாள் இன்னொருத்தி. லெட்சுமி புதுக் கடிதம் கொண்டுவரவில்லை. போன வருடம் என் மேசையில் வைத்த அதே தாளைத்தான் எடுத்தாள். திகதியை மட்டும் வெட்டித் திருத்தியிருந்தாள். வைத்தேன். அவள் நன்றி சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே ஜெயபுரத்திலிருந்து தொலைபேசி. "சம்மந்தி, கேள்விப்படுறது மெய்யோ?" என்றார். மெய் என்றேன். பிறகு, "பெடியனை எனக்கு எடுக்கச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லித் தரவேண்டாம்" என்றார். வைத்துவிட்டார். பொம்பிளைப் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆகவே இதை வாசித்து முடித்ததும் அவருக்கு எடு. மாமா என்று கூப்பிடாதே, இன்னும் அந்த உரிமை இல்லை. ஐயா என்று கூப்பிடு.

அவருக்குப் பிறகு இன்னொருவருக்கும் எடுக்க வேண்டும். இன்று காலையில் சதீஸ் வந்தான். பிணையில் வந்து ஏழு மாதமாகியும் நம் வாசலுக்கு வராதவன். உள்ளே வா என்றேன், வரவில்லை. மோட்டார் சைக்கிள் இல்லை, நடந்து வந்திருந்தான். படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அன்ரி, அம்மா சொன்னவ, அண்ணையின்ர ஊரில பழைய வழக்குகளை அழிச்சவங்களாம்."

"ஓம் தம்பி, அழிச்சவங்களாம்."

"அது, ஆக்கள் தாங்களாப் போய் எழுதிக் கேக்கோணுமோ? இல்லாட்டி அவங்களே தேடி வந்து அழிச்சு விடுறவங்களோ?"

அவன் வேண்டுமென்று என்னைக் குத்தவில்லை. அறியத்தான் கேட்டான். இருபது வயதுப் பெடியன், ஒரு நாட்டில் அப்படியும் நடக்கிறதா என்று அறிய ஆசைப்பட்டான். அந்த நாட்டுச் சட்டம் எனக்குத் தெரியாது தம்பி, அண்ணையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். இந்த ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியும். வாய்க்கால் கரையில் அவர்களுடைய வீடு, நம் படலையிலிருந்து கூப்பிடு தூரம். தேடிப் போக நான் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தேன்.

அவனுக்கு எடுத்துப் பதில் சொல்.

அம்மா